எருமைக்கு எதுவரைக்கும் தண்ணி?

தண்ணீர் இல்லாத சீமையில் படகு வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கப்பல் சார்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று சொல்வேன். மறுக்கிறவர்கள் ஆதாரத்தோடு வரட்டும்.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. அவர் எங்களுக்கு ஹெட் கிளார்க். ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்களை, "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே" என்று அட்டெண்டர் முத்தையா திருப்பி அனுப்பியிருக்கிறார். கப்பல் என்றால்தான் தெரியும்.

கப்பல் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். உண்மையில் அது ஒரு கயாக். ஆரஞ்சு நிறத்தில், வாழைப்பூ மடலைப் பிடித்து நீளமாக இழுத்த மாதிரி ஓர் ஒல்லிப் படகு. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரக் குழி. இரண்டு முனையிலும் தட்டை வைத்த நீளத் துடுப்பு. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய மச்சினர், ஏதோ கப்பலிலிருந்து வேண்டாம் என்று இறக்கிப் போட்டதை உப்பு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அந்த மச்சினருக்குக் கப்பல் சார் வீட்டில் காபிகூட ஒழுங்காகக் கிடைத்ததில்லை.

ஏனென்றால் அந்த வீட்டில் டீச்சர் இருந்தார். கப்பல் சாரின் மனைவி. பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாடகை வீட்டு ஹாலில் பாதியை அந்தப் படகு அடைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதில் மிளகாய் வற்றல் காயப்போட்டார். மிளகாய் இல்லாத நேரத்தில் அதற்குள் உட்கார்ந்து கப்பல் சார் பேப்பர் படித்தார். நான் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோது, "வாங்க தம்பி, முன்னால ஏறி உக்காருங்க" என்றார்.

"நாற்காலி இல்லையா சார்?"

"நாற்காலி மிதக்குமா?"

நான் ஏறி உட்கார்ந்தேன். சட்டியில் வைத்த விரால் மாதிரி அசைய முடியாமல் காபி குடித்தேன். எழுந்தபோது வேட்டியில் மிளகாய் விதை. அன்று நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

மற்றவர்கள் வீடு கட்ட ஆசைப்படுவார்கள், மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பார்கள். இவருக்கு ஒரே ஆசை. அலுவலகத்தில் இருக்கும் நாங்கள் எல்லாரும் ஒரு நாள் ஆற்றில் படகு விட வேண்டும். "சிரமமே இல்லாத ஒரு நாள். புதுசாப் பழகுறவங்களுக்கு ஏத்த மாதிரி" என்பார். எங்களில் யாரும் பழக வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு என்று அவர் சொன்னது மணிமுத்தாறு. திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் பெயரில் எங்களுக்கும் ஒன்று உண்டு. தண்ணீர் முழுக்க உங்களுக்குத்தான் வந்தது, பெயர் மட்டும் எங்களுக்கு வந்தது. நான் தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வருவேன். அதனால் நான் அவருக்கு உளவாளி ஆகிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேள்வி வரும்.

"தம்பி, தண்ணியா, மணலா?"

"மணல் சார்."

ஒரு நாள் முத்தையா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏய்யா, ஒரு நாளாச்சும் தண்ணின்னு சொன்னா கொறைஞ்சா போயிருவீக? மனுசன் மொகம் வாடிப்போகுதுல்ல" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது. இருப்பதைத்தான் சொல்வேன். அதனாலேயே எனக்கு நண்பர்கள் குறைவு. மணல் என்றால் மணல்தான்.

மணல் என்று தெரிந்தும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு துடைப்பக் கம்பைக் கொடுத்துவிடுவார். "இடது தள்ளு, வலது தள்ளு. தோளை இறுக்காதீக. தண்ணிய அடிக்காதீக, அது உங்களை என்ன பண்ணுச்சு?" இப்படி நாங்கள் தரையில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், சிவகங்கையிலிருந்து மேலதிகாரி திடீரென்று உள்ளே வந்துவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?"

கப்பல் சார் கம்பைக் கீழே வைக்கவே இல்லை. "வெள்ள நிவாரணப் பயிற்சி சார்."

வெள்ளம் என்ற சொல்லைச் சினிமாவில் மட்டுமே கேட்டிருந்த மாவட்டம் எங்களுடையது. மேலதிகாரி அசந்துபோனார். "வெரி குட், மத்த ஆபீஸ்லயும் செய்யச் சொல்றேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த வருடம் மாவட்டத்தில் எத்தனை எழுத்தர்கள் துடைப்பக் கம்போடு உட்கார்ந்து எங்களைத் திட்டினார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

டீச்சரின் பொறுமை ஒரு கார்த்திகையில் முடிந்தது. கிறிஸ்துமஸ் வருகிறது, குடில் வைக்க ஹாலில் இடம் இல்லை. எங்கள் எதிரிலேயே சொன்னார். "இந்த வருசம் குடில் வைக்கிறதுக்குள்ள இதைத் தண்ணியில விட்டுக் காட்டுங்க. இல்லேன்னா பால்காரர் கேக்குறாரு, மாட்டுக்குத் தொட்டி ஆகும்னு. குடுத்துருவேன்."

டீச்சர் கணக்கு டீச்சர். சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் படகை ஜாண் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். "ரெண்டு மாடு தாராளமா குடிக்கும்" என்று அவர் சொன்னதைக் கேட்ட அன்று கப்பல் சார் அலுவலகத்தில் யாரோடும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஒரு திங்கட்கிழமை அவர் வழக்கம்போலத் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"தண்ணியா, மணலா?"

"தண்ணி சார்."

பேனா கீழே விழுந்தது. "எவ்வளவு?"

"ஓரத்துல ஒரு எருமை நின்னுச்சு. கழுத்து வரைக்கும் இருந்துச்சு."

"நின்னுச்சா, படுத்திருந்துச்சா? சரியாச் சொல்லுங்க தம்பி. உயிர் விசயம்."

"நின்னுச்சு சார்."

"அப்ப வேண்டாம். புதுசாப் பழகுறவங்களுக்குக் கழுத்து ஆகாது. வயிறு தெரியட்டும்."

அதற்கப்புறம் தினமும் கேள்வி மாறியது. "எருமைக்கு எதுவரைக்கும்?" அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்து எருமை பார்க்க வைத்தது. ஒரு வியாழக்கிழமை தண்ணீர் எருமையின் வயிற்றுக்கு இறங்கியது. அந்த வாரமே இரண்டாவது சனிக்கிழமை, விடுமுறை. நாள் குறித்தாயிற்று.

அவர் போட்ட திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பாலத்துக்கு மேல்பக்கம் ஆற்றில் இறங்கி, தண்ணீரின் போக்கிலேயே கீழே வருவது. எதிர்த்துத் துடுப்புப் போடும் வேலையே இல்லை. வளைவு இல்லை, சுழல் இல்லை, இடுப்பளவுதான் ஆழம். சாப்பிட்ட உடனே யாரும் ஏறக்கூடாது. வேட்டி கூடாது. மிதவைக்கு ஆளுக்கு இரண்டு காலி எண்ணெய் கேன், மூடியை இறுக்கி முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் அவர் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்தார். மிச்ச நேரம் முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சு. எங்கள் ஊரில் அப்படித்தான். சாவு வீட்டுக்குப் போனாலும் மதியத்துக்கு என்ன என்றுதான் முதல் கவலை. புளியோதரையா, பிரியாணியா என்று அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் இரண்டும் செய்வது, கூட இனிப்புக்குக் கந்தரப்பமும் என்று முடிவானது. டீச்சரும் வருவதாகச் சொல்லிவிட்டார். சாட்சிக்கு.

இத்தோடு விட்டிருக்கலாம். கப்பல் சாருக்கு விடத் தெரியாது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆற்றுக்குப் போனார். நீளக் கம்பை விட்டு விட்டு ஆழம் பார்த்தார். எங்கள் பாதுகாப்புக்காக, ஆழமான இடங்களில் குச்சி நட்டு ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை வேன் மேல் படகைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், ஏதோ சாமி வாகனம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாலத்தில் இறங்கிக் கீழே பார்த்தோம்.

மணல். ஈர மணல். அங்கங்கே குட்டையில் கெண்டைக் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்புக் கொடிகள் மட்டும் காற்றில் ஆடின.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நேத்து சாயங்காலம்கூட வயிறு வரைக்கும் இருந்துச்சுய்யா" என்று கத்தினேன். டீச்சர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைப் பக்கத்தில் வைத்தார். திட்டவில்லை. "பால்காரருக்குச் சொல்லிரவா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

கப்பல் சார் படகை இறக்கச் சொன்னார். மணலில் வைக்கச் சொன்னார். எண்ணெய் கேனை முதுகில் கட்டியபடியே அதில் ஏறி உட்கார்ந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொடிகளைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேற்றிருந்த ஆற்றை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், எவன் என்று பார்க்காமல் விடுவதில்லை என்று கரையோடு மேற்கே நடந்தேன். முத்தையா, "வேணாம்யா, கேனையாவது அவுத்துட்டுப் போங்க" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

கொஞ்ச தூரத்தில் அணை. அதன் பலகைகளை இறக்கி, மணல் மூட்டை அடுக்கி, ஆற்றை அப்படியே தங்கள் ஏரிக்கு, அதாவது கண்மாய்க்கு, திருப்பிவிட்டிருந்தார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஊரே மண்வெட்டியோடு காவல் நின்றது. முன்னால் நின்ற பெரியவர் அந்தக் கண்மாயின் மடைக்காரர். தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு.

"எதுக்குய்யா ஆத்தை அடைச்சீக?" என்றேன்.

"எங்க முறைத் தண்ணி, அடைக்கிறோம். நீங்க ஆரு கேக்க? நேத்து கம்பை விட்டு அளந்து செவப்புக் கொடி நட்டுட்டுப் போனீகளே, கீழூர்க் கண்மாய்க்குக் கால்வாய் வெட்டத்தானே? நாங்க என்ன கேனப்பயலுகளா? தண்ணி இருந்தாத்தானே வெட்டுவீக!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீருக்காக ஊரோடு ஊர் அடித்துக்கொள்ளும் சீமையில், ஆற்றில் இறங்கி ஒருவன் அளந்தால் அவன் தண்ணீரை எடுக்க வந்தவன். வேறு எதற்கு அளப்பான்?

"நாங்க கால்வாய் வெட்ட வரலை."

"பின்ன?"

"படகு விட வந்தோம்."

மடைக்காரர் என் முதுகிலிருந்த எண்ணெய் கேனைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்த ஆத்துலயா? அம்புட்டுப் பேரும் பைத்தியமா?"

"ஒருத்தர் மட்டும்தான். மத்தவங்க கூட வந்தவங்க" என்றேன்.

ஊரே சிரித்தது. மண்வெட்டிகள் கீழே இறங்கின. ஆனால் பலகையைத் தூக்க முடியாது என்றார் மடைக்காரர். கண்மாய் இன்னும் நிறையவில்லை, முறை முடியவில்லை. நான் கத்திப் பார்த்தேன். முத்தையா என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடங்கின குரலில் டீச்சர் கதையையும் பால்காரர் கதையையும் சொன்னார். மடைக்காரர் மீசையைத் தடவினார்.

"ஒரு பொம்பளப் புள்ள சோறு கட்டிக்கிட்டு எங்க எல்லை வரைக்கும் வந்துருக்கு. வெறுங்கையாவா அனுப்புறது? தண்ணி எங்குட்டும் போயிரல அப்பு. கண்மாய்க்குள்ளதான் கெடக்கு. அங்க வந்து ஓட்டுங்க."

பாலத்துக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். கப்பல் சார் படகை விட்டு இறங்கவில்லை.

"கண்மாய் ஆறு ஆகாது தம்பி. ஓட்டமே இருக்காது. நான் போட்டது ஆத்துத் திட்டம்."

அந்த நேரத்தில் நானே அந்தத் துடுப்பால் அவரை அடித்திருப்பேன். டீச்சர் எழுந்து வந்தார்.

"தண்ணியில விடணும்னுதானே சொன்னேன்? எந்தத் தண்ணின்னு சொன்னேனா? இந்த ஆத்துத் தண்ணிதானே அங்க போயிருக்கு. எந்திரிங்க."

அவருக்குத் தோற்க இடம் கொடுக்காமல் கணக்கை டீச்சரே போட்டுவிட்டார். அவர் எழுந்தார்.

ஊர்க்காரர்களே படகைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கண்மாய்க் கரையில் அய்யனாருக்கு முன்னால் இறக்கி, மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். புதிதாகத் தண்ணீரில் இறங்கும் எதற்கும் அங்கே அது வழக்கமாம். கப்பல் சார் அவர் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். "ரெண்டு பக்கமும் சொல்லியாச்சு, முங்காது" என்றார் மடைக்காரர்.

முன் குழியில் நான். பின்னால் அவர். கரை முழுக்க ஊர். தள்ளிவிட்டார்கள். நேராகப் போக வேண்டிய படகு இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. மறுபடி வட்டம். அதுதான் வித்தை என்று நினைத்துக் கரையில் கைதட்டினார்கள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், இதுக்கு முன்னாடி நீங்க ஓட்டியிருக்கீகளா?"

"தெனமும்."

"எங்க?"

"எங்க வீட்டு ஹால்ல."

நான் திரும்பிப் பார்த்ததுதான் தப்பு. படகு கவிழ்ந்தது. முதுகிலிருந்த கேன்கள் உடனே மேலே வந்தன. அதனால் தலை கீழே போனது. செத்தேன் என்று நினைத்துக் கால்களை உதறினேன். கரையிலிருந்து மடைக்காரர், "எந்திரிச்சு நில்லுங்கப்பு!" என்று கத்தினார். நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. அந்தக் கண்மாய்க் கரையில் அன்று எழுந்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கப்பல் சார் சிரிக்கவில்லை. படகை நிமிர்த்தி, தண்ணீரைச் சாய்த்து, "தோளை இறுக்கிட்டீக தம்பி" என்றார். அடுத்து முத்தையாவை ஏற்றினார். இந்தமுறை படகு நேராகப் போனது. ஹாலில் தரையைத் தள்ளித் தள்ளிக் கற்ற கை, தண்ணீரைக் கண்டதும் தானாக விளங்கிக்கொண்டது போல. அதற்கப்புறம் எங்களுக்கு முறை வரவே இல்லை. ஊரே வரிசையில் நின்றது. மடைக்காரர் ஏறினார். தன் கண்மாயை முதல்முறையாக நடுவிலிருந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊரு இம்புட்டு அழகாவா இருக்கு?" என்றார். மீசைக்காரர்கள் எல்லாம் குழந்தைகள் மாதிரி படகின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போய் வந்தார்கள். புளியோதரையும் பிரியாணியும் ஊர்ப் பந்தியில் காணாமல் போயின. எனக்கு அரைக் கந்தரப்பம் கிடைத்தது.

வெயில் சாயும்போது டீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. முன் குழியில் ஏறி முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் கண்மாயின் நடு வரைக்கும் போனார்கள், திரும்பினார்கள். கரை நெருங்கியபோது டீச்சர் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"இன்னொரு சுத்து போங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் பார்க்கப் போனேன். ஹாலில் படகு அதே இடத்தில் இருந்தது. டீச்சர் அதற்குள்ளேயே குடில் வைத்திருந்தார். முன் குழியில் குழந்தை இயேசு, பின் குழியில் மாடும் ஆடும். வைக்கோல் பால்காரர் கொண்டுவந்து போட்டது. ஆக, கடைசியில் அது மாட்டுத் தொட்டியாகத்தான் ஆனது. பால்காரருக்குத்தான் அதில் மிகுந்த திருப்தி.

இப்போது கப்பல் சார் சிவகங்கையில் மகள் வீட்டில் இருக்கிறார். டீச்சர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவருக்குக் கால் சரியில்லை, வெளியே போவதில்லை. படகு அங்கே மாடியில் கவிழ்த்துக் கிடக்கிறது. நான் பென்ஷன் வாங்கினாலும் ஏதாவது வேலையாகக் காரைக்குடிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பாலத்துக்குக் கீழே வருடக்கணக்காக மணல்தான். அதையும் பாதி அள்ளிவிட்டார்கள், கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. திங்கட்கிழமை காலையில் போன் வந்துவிடும்.

"தம்பி, தண்ணியா, மணலா?"

எனக்குப் பொய் சொல்ல வராது என்று முதலிலேயே சொன்னேன்.

"தண்ணி சார்."

"எருமைக்கு எதுவரைக்கும்?"

"வயிறு வரைக்கும் சார்" என்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் சரியான ஆழம்.